தட்டானின் பின்னிருக்கை

வானத்தை அரசாங்கம் பூட்டி வைத்த அதே வாரத்தில்தான், பங்குனி வெயில் உச்சந்தலையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், எங்கள் வெட்டுமடை ஊருக்கு மேலே அந்தப் பழைய விமானம் வந்தது. ரெண்டு அடுக்கு றெக்கை, துணி போர்த்திய உடம்பு, மூக்கில் சுற்றுகிற மரக்கட்டை, முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை. முன்னிருக்கையில் தோல் தொப்பி மாட்டிய ஒரு வெள்ளைக்காரன், பின்னிருக்கையில் யாரும் இல்லை. வத்தல் காய்கிற பருவத்தில் எங்கள் ஊரில் ஒருத்தரும் அண்ணாந்து பார்க்க மாட்டோம், கண்ணும் கையும் தரையிலேயேதான் கிடக்கும். அதனால் முதலில் நாங்கள் பார்த்தது விமானத்தை அல்ல, பரப்பிய மிளகாய் மேல் ஊர்ந்து போன அதன் நிழலைத்தான்.

மிளகாய் பரப்பியிருந்த இடம் பிளேன்தரை. வெள்ளைக்காரன் தன்னுடைய பெரிய சண்டைக்காகக் கடலோரப் பொட்டலில் போட்ட ஓடுதளத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. சண்டை முடிந்தது, அவன் கப்பலேறிப் போனான், தரையைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக முடியாதே, விட்டுவிட்டுப் போனான். பறக்கப் போன விமானம் ஒன்று மட்டும் திரும்பவில்லை என்றும், அதற்காகக் காத்துப் பார்த்துச் சலித்துத்தான் கிளம்பினார்கள் என்றும் அந்தக் காலத்து ஆட்கள் சொல்வதுண்டு. மரம் கிடையாது, மட்டை கிடையாது, நிழல் என்ற பேச்சே கிடையாது. முண்டு மிளகாய் அங்கே காய்கிற மாதிரி வேறெங்கும் காயாது. நாளடைவில் தரையைப் பங்கு போட்டு, சுண்ணாம்பு பூசிய கல் நட்டு, பெண்ணுக்குச் சீதனமாகவும் கொடுக்க ஆரம்பித்தோம். சம்பந்தம் பேச வருகிறவன் நகையைக் கேட்பதற்கு முன்னால் பிளேன்தரையில் எத்தனை பாகம் என்றுதான் கேட்பான்.

அந்தத் தரைக்கென்று வழக்கம் இருக்கிறது. காற்று பேயாக அடிக்கிற இடம், கத்தினால் பக்கத்துப் பங்குக்காரிக்குக்கூடக் கேட்காது, அதனால் மேகம் திரள்வதைக் கண்டவள் எழுந்து நின்று ரெண்டு கையையும் அகல விரித்து, நெஞ்சோடு சேர்த்து வாரி அணைக்கிற மாதிரிக் காட்டுவாள். 'வாரு' என்று அர்த்தம். பார்த்தவள் அடுத்தவளுக்குக் காட்டுவாள், அவள் அதற்கடுத்தவளுக்கு, ஒரு மூச்சு விடுவதற்குள் தரை முழுக்க வாரத் தொடங்கிவிடும். அப்போதும் முதல் கைப்பிடியை உடையவள்தான் அள்ள வேண்டும். அவள் அள்ளிவிட்டால் ஊரே சேர்ந்து கை கொடுக்கலாம்; அவள் அள்ளாதவரை, வானமே இடிந்து விழுந்தாலும், பெற்ற தாயானாலும் தொடக் கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள். பழைய சண்டை, பழைய மண்டையுடைப்பு, பேசினால் திரும்பவும் மண்டைதான் உடையும்.

விமானம் வந்தது, சுற்றியது, சாயங்காலம் உப்பளத்துப் பக்கம் மறைந்தது, மறுநாள் மத்தியானம் திரும்ப வந்தது. பிள்ளைகள் அதற்குத் தட்டான் என்று பேர் வைத்தார்கள், ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அது தலைக்கு மேல் வந்தால் உலை இறக்குகிற நேரம் என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். நிழல் பட்ட வத்தல் நல்ல நிறம் பிடிக்கிறது என்று எவளோ கிளப்பிவிட, பரமக்குடியிலிருந்து வருகிற வியாபாரிகள் மூட்டையைக் கையால் துழாவிக்கொண்டே இது தட்டான் வத்தல்தானா என்று கேட்க ஆரம்பித்தார்கள், நாங்களும் கூசாமல் ஆமாம் என்றோம். அது இறங்கத்தான் இடம் தேடுகிறது, அது விட்டுப்போன தரை இதுதானே, என்று டீக்கடையில் பேச்சு வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் எல்லாரும் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பருவத்தின் உச்சத்தில் யார் வத்தலை வாருவது? பக்கத்துப் பங்கு வாரட்டும், நாம் வாரலாம் என்று ஒவ்வொருத்தரும் நினைத்தோம். ஊரில் எல்லாருக்கும் பக்கத்துப் பங்கு ஒன்று இருக்கிறதே.

அரசாங்கத்துக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை. உப்பளத்திலிருந்து தீவு வரைக்கும் எதுவும் பறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். கடலோரத்தில் கம்பிவேலிக்குள் என்னத்தையோ கட்டுகிறார்கள், என்ன என்று கேட்டவனுக்குப் பதில் கிடைக்கவில்லை, கேட்காதவனுக்குத் தூக்கம் கிடைத்தது. கொக்கும் நாரையும் உத்தரவைப் படிக்காமல் பறந்தன, அதை மன்னித்தார்கள். தட்டானை மன்னிக்கவில்லை. வடக்கே இருந்து புத்தம் புது ஜெட் விமானங்கள் வந்தன, சத்தம் பின்னால் வர, அவை முன்னால் போய்விடும். மூன்று பாஷையில் ரேடியோவில் எச்சரித்தார்களாம். தட்டானில் ரேடியோவே கிடையாது. அவர்களுடைய ராடாரில் துணியும் மரமும் தெரியவில்லை. சூட்டைத் தேடிப் போய் அடிக்கிற ஏவுகணை ஒன்றை விட்டுப் பார்த்தார்கள், அது தட்டானைச் சுற்றிச் சுற்றி வந்து, அந்த உடம்பில் கொஞ்சங்கூடச் சூடு இல்லாததைக் கண்டு, கரி சுடுகிற சாத்தையா கருவேலங்கட்டையை மூட்டம் போட்டிருந்த இடத்தைத் தேடிப் போய் விழுந்தது. பத்து நாள் வேகவேண்டிய கரி ஒரே நொடியில் வெந்துவிட்டது என்று சாத்தையா சொன்னான். மீசை போனதைப் பற்றி அவன் பேசவில்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்து வழிமறித்து இறக்க வேண்டியதுதான் என்று முடிவானபோது புதுச் சிக்கல் வந்தது. தட்டான் மாட்டுவண்டிக்குத் தம்பி மாதிரி போகும், ஜெட்டுகளுக்கோ அந்த வேகத்தில் நிற்கத் தெரியாது, வேகம் குறைந்தால் கல்லாக விழுந்துவிடும். அதனால் அவை தட்டானை உரசுகிற மாதிரி வரும், கடந்துவிடும், சுற்றிக்கொண்டு வரும், திரும்பக் கடந்துவிடும். வெள்ளைக்காரன் ஒவ்வொரு தடவையும் கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய் மரியாதை செய்வான்.

இதைப் பார்க்கப் படையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஊருக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் 'ங்க' குறையாது. பிளேன்தரையில் நின்று அண்ணாந்து பார்த்துத் தலை கிறுகிறுத்துப் போனவருக்குச் சீனியம்மாள்தான் மோர் கொடுத்தாள். தரையின் நடுப்பங்கு அவளுடையது. புருசன் போன பிறகு அந்த ஒரு பங்கை வைத்துத்தான் ஒற்றைப் பிள்ளை தனவேலை ஆளாக்கினாள், அந்தப் பிள்ளை இப்போது ஜெட் ஓட்டுகிறான் என்றால் அது ஊருக்கே பெருமை, அவளுக்குக் கேட்க வேண்டுமா? மோர்ச் செம்பை நீட்டியபடியே அவள் அதிகாரியிடம், மெதுவாகப் போக ஆள் வேண்டுமென்றால் என் மகனைக் கூப்பிடுங்கள் என்றாள். பொங்கலுக்கு எங்கள் ஊரில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டுகிற போட்டி நடக்கும், கடைசியில் வருகிறவனுக்குத்தான் பரிசு, கால் ஊன்றினால் ஆட்டம் போச்சு. அதில் தனவேலை ஜெயித்தவன் கிடையாது. நத்தை கடந்து போகும், அவன் கால் ஊன்ற மாட்டான். அவள் சொல்லச் சொல்ல நாங்களும் சுற்றி நின்று ஆமாம் ஆமாம் என்றோம். அதிகாரி மோரைக் குடித்துவிட்டு அந்தப் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

தனவேல் வந்தான். மறுநாள் பறக்கவேண்டியவன், தரையிலிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் குத்தவைத்து, சின்னப் பிள்ளையில் செய்த மாதிரியே வத்தலைப் புரட்டிக் கொடுத்தான். அத்தை இருளாயி, அதாவது சீனியம்மாளுடைய நாத்தனார், பக்கத்துப் பங்கிலிருந்து கொடுக்காப்புளி கொண்டுவந்து அவன் மடியில் கொட்டினாள், கல்யாணப் பேச்சை எடுத்தாள், அவன் சிரித்து மழுப்பினான். தட்டான் வந்ததும் எழுந்து நின்று அது மறையும்வரை பார்த்தான்.

"ஆத்தா, வேகமாப் போறதுக்கு மெஷின் போதும்," என்றான். "மெதுவாப் போறதுக்குத்தான் ஆளு வேணும்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவன் போன பிறகுதான், பின்சீட்டு ஏன் ஆத்தா காலியா இருக்கு என்று அவன் கேட்டது அவள் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் ஊரே பிளேன்தரையில் கூடியிருந்தது. தட்டான் வந்தது, கடல் பக்கமிருந்து தனவேலின் ஜெட் வந்தது, வந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. சக்கரத்தை இறக்கி, மூக்கைத் தூக்கி, உடம்பெல்லாம் நடுங்க, அது தட்டானுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. ரெண்டும் சோடி போட்டுப் போயின, ஒன்று எங்கள் பாட்டன் காலத்தது, ஒன்று நேற்றுச் செய்தது, ரெண்டின் நிழலும் மிளகாய் மேல் ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. வெள்ளைக்காரன் தலையைத் திருப்பித் தனவேலைப் பார்த்தான். அன்றைக்கு அவன் தொப்பியைத் தொடவில்லை, கையை நீட்டிப் பின்னிருக்கையைக் காட்டினான். ஜெட் நின்றது. ஆமாம், வானத்தில் நின்றது, நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சைக்கிள் என்றால் கால் ஊன்றியிருப்பான், அங்கே ஊன்றத் தரை இல்லை. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடலில் விழுந்த பிறகுதான் சத்தம் எங்களுக்கு வந்தது.

இருக்கையோடு வெளியே வீசுகிற பொறி இருக்கிறதாம், ரொம்பத் தாழ்ந்துவிட்டதால் உதவவில்லையாம். நரிவலசை மீனவர்கள் வலையைப் போட்டுத் தேடினார்கள், படையின் படகுகள் தேடின, இரும்பு கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை. சீனியம்மாள் அழவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. தன் பங்கிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் தட்டான் வந்தபோது பின்னிருக்கையில் தனவேல் இருந்தான்.

தலைக்கவசம் இல்லை, முடி காற்றில் பறந்தது, முகம் நன்றாகத் தெரிந்தது. இருளாயிதான் முதலில் பார்த்தாள், பார்த்ததும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு மதினியின் தோளைத் தொட்டாள். சீனியம்மாள் எழுந்தாள். எழுந்து ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, தன் வத்தலையே மிதித்துக்கொண்டு ஓடினாள். அவன் அவளைக் கண்டான். இருக்கையில் எழுந்து நின்றான். ரெண்டு கையையும் அகல விரித்து, நெஞ்சோடு சேர்த்து வாரி அணைக்கிற மாதிரிக் காட்டினான்.

எங்கள் பெண்களுக்கு அதைப் பார்த்த பிறகு புத்தி யோசிக்காது, கைதான் போகும். மேகம் ஒரு பொட்டு இல்லாத வானத்துக்குக் கீழே தரை முழுக்கக் குனிந்து வாரத் தொடங்கிவிட்டார்கள், வாரிச் சாக்கில் கட்டித் தூக்கி ஓரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் என்ன செய்தோம் என்று நிமிர்ந்து பார்த்தார்கள். பிளேன்தரை வெள்ளைக்காரன் விட்டுப்போன நாளில் கிடந்த மாதிரி வெறுமையாகக் கிடந்தது, நடுவில் சீனியம்மாளுடைய பங்கு மட்டும் சிவந்து கிடந்தது. தட்டான் தாழ்ந்து வந்தது, அந்தச் சிவப்புக்கு மேல் வந்ததும் முகத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனது.

அவன் என்ன கேட்கிறான் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது என்பதும் புரிந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்தீகளா, எம்மகன் எனக்குக் கை காட்டிட்டுப் போறான் என்றாள். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஆமாம் என்றோம்.

அப்படியே நடந்தது. தினமும் மத்தியானம் அவன் வருவான், எழுந்து நின்று அதே மாதிரிக் காட்டுவான், அவள் பதிலுக்குக் கையை ஆட்டுவாள். சோறு பொங்கித் தூக்குவாளியில் கொண்டுவந்து தரையில் திறந்து வைப்பாள், இன்றைக்கு நெத்திலிக் குழம்பு என்று மேலே பார்த்துச் சொல்வாள். அவளுடைய வத்தல் காய்ந்து, சருகாகி, நிறம் செத்து, விதை உதிரத் தொடங்கியது. அவள் புது மிளகாய் வாங்கிவந்து அதன் மேலேயே பரப்பினாள். நாங்கள் வேறு பொட்டலுக்குப் போய்க் காயப்போட்டோம், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தினமும் ஒரு தரம் அவன் முகத்தைப் பார்க்கக் கிடைக்கிறது, அதைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? ஆனால் நாள் போகப் போக அவனுக்குத் தாடி வளர்ந்தது. உதடு வெடித்தது. வாரி அணைக்கிற கை பாதியிலேயே தொங்கியது. முன்னிருக்கைக்காரனும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் ஓட்டினான். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். அது பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது, மழைதான் வரவில்லை.

பெரிய அதிகாரி ஆட்களோடும் விளக்குமாறுகளோடும் வந்தார். அந்த மிளகாயைக் கூட்டித் தள்ளிவிட்டால் அது இறங்கிவிடும், எல்லாருக்கும் நிம்மதி என்றார். அவர் சொன்னது நியாயம்தான், நாங்களும் அதைத்தான் விரும்பினோம். இருந்தாலும் இருளாயி போய் மதினியின் பங்கைச் சுற்றிய சுண்ணாம்புக் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள், மற்றப் பெண்களும் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள். முதல் கை அவ கைதான் என்று இருளாயி சொன்னாள். விளக்குமாறு வைத்திருந்தவர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சுடுகிற தரையில் சீனியம்மாளுக்கு எதிரே குத்தவைத்தார்.

"நாளைக்கு இன்னொருத்தர் போறாருங்கம்மா," என்றார். "மேலிடத்து உத்தரவு, நான் தடுக்க முடியாதுங்க. மலைநாட்டுப் பையன். உங்க தனவேலுக்குக் கூட்டாளி. மெதுவாப் போகப் பழகிக்கிட்டு இருக்காருங்க."

அவள் தூக்குவாளியின் மூடியைத் திறந்து வைத்தாள்.

"அவங்க வீட்டுலயும் ஒரே பையன்தானுங்க."

தட்டான் வருகிற நேரம் ஆகியிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். பின்னிருக்கை நிறைந்திருந்தது, இன்னொருத்தனை எங்கே உட்காரவைப்பான் என்று நாங்கள் நினைத்தோம். அவளும் அதையே நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் மாதிரி, உப்பளத்துப் பக்கமிருந்து அன்றைக்கு வந்தது ஒன்றல்ல. தட்டானுக்குப் பின்னால், அதே ரெண்டு அடுக்கு றெக்கையோடு, அதே துணி உடம்போடு, இன்னொரு பழைய விமானமும் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னிருக்கை காலியாக இருந்தது.

தனவேல் எழுந்து நிற்க முயன்றான், முடியவில்லை, உட்கார்ந்தபடியே கையை விரித்தான்.

"இருய்யா," என்றாள் சீனியம்மாள். "வாரிடுறேன்."

குனிந்து முதல் கைப்பிடியை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு நாங்கள் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு வாரினோம், அதிகாரி வாரினார், விளக்குமாறோடு வந்தவர்கள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கையால் வாரினார்கள், நெடியில் கண்ணெல்லாம் கொட்டியது, யார் அழுகிறார்கள் யாருக்குக் காரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தரை வெறுமையானதும் தட்டான் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டபோது தூசி எழும்பவில்லை. ஓட ஓட அதன் துணி வெளுத்தது, கட்டை வெளுத்தது, கம்பி வெளுத்தது, முன்னால் இருந்தவன் தொப்பியைத் தொட்டபடியே வெளுத்தான். தனவேல் தாயைக் கடக்கும்போது அவளைப் பார்த்தான், பார்த்த பார்வை அவள் முகத்தில் இருக்கும்போதே அவனும் வெளுத்துப் போனான். அவளுடைய பங்கில் வந்து நின்றது நிழல் மட்டும்தான். நாங்கள் அண்ணாந்து பார்த்தோம், ரெண்டாவது விமானம் அங்கே இல்லை. அந்த நேரத்தில்தான் நரிவலசையிலிருந்து ஆள் ஓடிவந்தான். கடல் தனவேலைக் கரையில் கொண்டுவந்து விட்டிருந்தது, தூங்குகிறவன் மாதிரி, தாடியோடு. அவள் தன் கையால் அவனைக் குளிப்பாட்டினாள்.

மலைநாட்டுப் பையன் பறக்கவில்லை. வானம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, அதற்குள் இப்போது பறக்க எதுவும் இல்லை.

நிழல் மட்டும் போகவில்லை. சூரியன் எங்கே இருந்தாலும் அது பிளேன்தரையில் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, ரெண்டு அடுக்கு றெக்கையும், முன்னிருக்கையில் ஒரு தலையும், பின்னிருக்கை காலியுமாக. அவ்வளவு பெரிய பொட்டலில் அதுதான் ஒரே நிழல். சீனியம்மாள் உலை இறக்கிவிட்டு மத்தியானம் வந்து அந்தப் பின்னிருக்கையில்தான் உட்காருகிறாள், சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறாள். குளிர்ச்சியா இருக்கு என்கிறாள். சில நாள் அந்த முன்னிருக்கைத் தலை லேசாகத் திரும்பியிருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மூக்கில் மரக்கட்டையின் நிழல் அசைந்ததையும் பார்த்திருக்கிறோம்.

அதனால் நிழலின் மூக்கிலிருந்து தரையின் கோடிவரைக்கும், அது ஓடிக் கிளம்ப ஓர் அடி இடம் விடாமல் நாங்கள் காயப்போட்டு வைத்திருக்கிறோம். மிளகாய்ப் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது. போன வருசத்து வத்தல், கருவாடு, புளி, ஒன்றும் இல்லாத வீட்டுக்காரர்கள் வைக்கோல். ஒருநாள் சீனியம்மாள் நிழலில் உட்கார்ந்தபடியே, பருவமில்லாத பருவத்தில் எதைக் காயவைக்கிறீர்கள் என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"கிடக்கட்டும் மதினி," என்றாள் இருளாயி. "இன்னும் ஈரம் போகலை."

வானம் கறுத்தாலும் சரி, எந்தப் பக்கமிருந்து எவன் கையை விரித்துக் காட்டினாலும் சரி. முதல் கை எங்கள் கை. நாங்கள் அள்ள மாட்டோம்.